வருஷா வருஷம் சொன்னதுதான்

உங்கள் காவல் நிலையத்தில் தேநீர் நன்றாக இருக்கிறது. இஞ்சி தட்டிப் போடுகிறார்கள். சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடுதல். என் வயதுக்கு அது ஆகாது. பதற்றத்தில் இருக்கிறவன் சர்க்கரையைக் கவனிக்க மாட்டான், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காகிதம் கேட்டேன், கொடுத்தீர்கள். ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் அறிக்கை எழுதிய கை, அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

பெயர் ஷிஜா. தபோராப் பக்கத்து நியாம்வேசி இனத்தான். சிபோண்டா ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. நிலையத்துக்குப் பின்னால், பாவோபாப் மரத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டேன். சுற்றிலும் கோகோ இனத்தார். அவர்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் நியாம்வேசி.

நீங்கள் கடற்கரைப் பக்கத்து சராமோ இனத்தார் என்பது பேச்சிலேயே தெரிகிறது. அப்படியென்றால் நீங்களும் எனக்குக் கேலிமுறைதான். உத்தானி என்னும் இந்தக் கேலி உறவு என்னவென்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காகிதம் மேலே போகும். மேலே இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்: எங்கள் முன்னோர்கள் தலைச்சுமையோடு கோகோ நாட்டைக் கடந்து கடலுக்குப் போன காலத்தில் தண்ணீருக்காக இரண்டு கூட்டமும் அடித்துக்கொண்டார்கள். பிறகு அலுத்துப்போய், இனிமேல் வாயால் மட்டும் அடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து கோகோக்காரன் என்னைச் சுமைதூக்கி என்பான், நான் அவனைப் பிச்சைக்காரன் என்பேன். அவன் என் வீட்டுக்குள் புகுந்து கோழியைத் தூக்கிப் போகலாம். என் மனைவியைத் தன் மனைவி என்று கூப்பிடலாம். சாவு விழுந்தால் கட்டாயம் வர வேண்டும். வந்து பிணத்தையும் பிணத்துக்காக அழுகிறவர்களையும் கேலி செய்ய வேண்டும். கோபப்படக் கூடாது. கேலிமுறைக்காரனிடம் கோபப்பட்டவனை யாரும் மனிதர் கணக்கில் வைக்க மாட்டார்கள். நான் கோபப்பட்டதே இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நீங்கள் இங்கே மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதனால் நினைவு நாளைப் பற்றியும் சொல்கிறேன். சிபோண்டாவிலிருந்து மேற்கே நான்காவது மைலில் ஒரு வளைவு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதம் பத்தொன்பதாம் தேதி, அந்த வளைவில் பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் நேருக்கு நேர் மோதின. அங்கே ஒரு சிமெண்டுக் கல் நட்டு, அதில் நாற்பத்திரண்டு பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஒன்பதாவது பெயர் கபுலா, என் மனைவி.

ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் இறந்தவர்களின் குடும்பங்கள் கூடுகின்றன. பாதிரியார் ஜெபிப்பார். பெயர்களைப் படிப்பார்கள். பெண்கள் முழங்கால்களுக்கு நடுவே முஹேமே முரசை இடுக்கிக்கொண்டு அடிப்பார்கள், அழுவார்கள். அழுகை முற்றியதும் யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள்: "அந்தச் சுமைதூக்கிப் பய எங்கடா? வந்து எங்க அழுகையைக் கெடுக்கச் சொல்லு." அது என் முறை. நான் எழுந்து போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

"எதுக்கு அழறீங்க? கொன்னவன் நான் இங்க குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன். நான்தான் கொன்னேன். டோக்கன் பைக்குள்ள கல்லை வச்சுக் குடுத்தேன், உங்க டிரைவர் சிதாவாலி தொறந்துகூடப் பாக்கல. கோகோக்காரனுக்குப் பித்தளைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

சிரிப்பார்கள். கண்ணீர் காயாத முகத்தோடு சிரிப்பார்கள். "அடப் போடா, கோழி கழுத்தைத் திருகறதுக்கே பொண்டாட்டியக் கூப்புட்ட பய நீ. நீ நாப்பது பேரக் கொன்னியா?" என்று ஒருத்தி சோள மாவை அள்ளி என் தலையில் போடுவாள். மனைவியைப் பறிகொடுத்தவன் எங்களைச் சிரிக்க வைக்கிறானே என்று எனக்குத்தான் முதலில் களியும் கறியும் வைப்பார்கள். இப்படி இருபத்தொன்பது ஆண்டுகள். ஆண்டுக்கு இருநூறு பேர் சாட்சி. ஒளித்தேன் என்று குற்றப் பத்திரிகையில் எழுதப் போகிறீர்களானால் இதைத் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி சிதாவாலி. அவன் என்ஜின் டிரைவர், கோகோ. நல்ல உயரம், முன்பல்லில் ஓர் இடைவெளி. வாரத்தில் மூன்று நாள் மேற்கே போகும் பயணிகள் வண்டியை ஓட்டி வருவான். வண்டி நிற்பதற்கு முன்பே அவன் வாய் நிலையத்துக்குள் வந்துவிடும். "என் பொண்டாட்டி கபுலா, அந்தக் கழுதை உனக்குச் சோறு போடுதா?" என்று கத்துவான். நானும் பதிலுக்குக் கத்துவேன். முறை அப்படி.

எங்களுக்கு ஒரே மகள், மிலெம்பே. இரண்டு வயதில் அம்மை கண்டு நான்கு நாளில் போய்விட்டாள். குழி வெட்டியாயிற்று. தபோராவிலிருந்து என் உறவினர்கள் ஆறு பேர்தான் வர முடிந்தது. கபுலா மூன்று நாளாக ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. துணியில் சுற்றிய குழந்தையை நான் கையில் வைத்திருந்தேன். அப்போது சிதாவாலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குழிக்குள் குதித்து, கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டான்.

"ஏய் சுமைதூக்கிங்களா, என்னடா இது? இத்துனூண்டு பொட்டலத்துக்கா இவ்வளவு பேர் வந்திருக்கீங்க? உங்க தாத்தமாரெல்லாம் யானைத் தந்தம் தூக்குனாங்க. இது ஒருத்தன் கக்கத்துக்குக்கூடக் காணாது. கொண்டு போங்க. போய்ப் பெரிசா ஒண்ணு கொண்டாங்க, அது வரைக்கும் நான் இங்க தூங்குறேன்."

கபுலா சிரித்தாள்.

முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், தண்ணீர் கேட்டுக் குடித்தாள். எல்லாரும் சிதாவாலியை வாழ்த்தினார்கள். அவன் வந்த வேலை முடிந்தது என்றார்கள். குழியை விட்டு வெளியேற அவனுக்கு ஒரு கோழி கொடுக்க வேண்டும், கொடுத்தேன். நானும் சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்பது நினைவில்லை, கன்னம் வலித்தது நினைவிருக்கிறது. குழந்தை அப்போதும் என் கையில்தான் இருந்தாள். பொட்டலம் என்றான் அல்லவா, அந்தப் பொட்டலம்.

நான் அவனை வெறுத்தேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. அவன் பல் இடைவெளியை வெறுத்தேன். குழியிலிருந்து எழுந்தபோது அவன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணை வெறுத்தேன், ஏனென்றால் அது என் மகளுக்கு வெட்டிய மண். ஆனால் வெறுப்பது வேறு, கோபப்படுவது வேறு. எங்கள் முறையில் கோபத்துக்குத்தான் தடை.

கபுலா அதற்குப் பிறகு சிரிப்பதை நிறுத்தவே இல்லை. சமைத்தாள், முற்றம் பெருக்கினாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். வண்டி வரும் நாட்களில் கதவருகே நின்று சிதாவாலியின் ஏச்சுக்குப் பதில் ஏச்சுக் கொடுப்பாள். தப்பான உறவு ஒன்றும் கிடையாது, அப்படி எழுதிவிடாதீர்கள். வெறும் சிரிப்புத்தான். அந்த ஆளால்தான் நான் பிழைத்தேன் என்று ஒருநாள் என்னிடமே சொன்னாள். நல்லது என்றேன்.

டோக்கனைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். எங்களுடையது ஒற்றைப் பாதை. சிபோண்டாவுக்கும் அடுத்த நிலையமான லுவிலாவுக்கும் இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அடையாளமாக ஒரு பித்தளை வில்லை. இரண்டு நிலையங்களின் பெயரும் அதில் பொறித்திருக்கும். வில்லையைத் தோல் பையில் போட்டு, பையோடு சேர்ந்த பெரிய வளையத்தைப் பிடித்து டிரைவரிடம் நீட்டுவோம். அவன் திறந்து பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். வில்லை எதிர் வண்டியிடம் இருந்தால் நம்மிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது, காத்திருக்க வேண்டியதுதான்.

பையில் விளையாட ஆரம்பித்தவன் சிதாவாலிதான். ஒருமுறை என்னிடம் பையைத் திருப்பியபோது வில்லையோடு காய்ந்த சாணியும் இருந்தது. மறுமுறை நான் வில்லைக்கு மேல் கீரைத் தண்டு திணித்துக் கொடுத்தேன், கோகோக்காரன் வேறென்ன தின்பான் என்று. பிறகு எலும்பு, செத்த பல்லி, பிய்ந்த செருப்பின் வார். அவன் என் கண் முன்னாலேயே பையைத் திறப்பான், அருவருப்பில் கத்துவான், பிளாட்பாரமே சிரிக்கும். ஓர் ஆண்டுக்கு மேல் இப்படி நடந்தது. விபத்துக்கு மூன்று வாரம் முன்பு அவன் பையை வாங்கித் திறக்காமல் கொக்கியில் மாட்டிக்கொண்டான்.

"இனிமே உன் முன்னாடி தொறக்க மாட்டேன்டா சுமைதூக்கி. என் மூஞ்சி போற போக்கப் பாத்துச் சிரிக்கத்தான நிக்கிற? அந்தச் சந்தோஷத்த உனக்குத் தர மாட்டேன். நாலாவது மைல் வளைவு தாண்டித்தான் தொறப்பேன், என்ன பண்ணுவ?"

ஒன்றும் பண்ண மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு ஏழு முறை அவன் வந்தான், ஏழு முறையும் திறக்காமலே போனான்.

எங்கள் பக்கம் குழிமேட்டில் கல் அடுக்குவது வழக்கம். மிலெம்பேயின் மேட்டில் இருபத்து மூன்று கல். அதில் ஒன்று தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், ஏறக்குறைய வில்லையின் எடைதான் இருக்கும். நிலையத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன், சிறு வித்தியாசம்தான். அதைப் பையில் போட்டுக் கொடுப்பதாகத் திட்டம். அவன் திறப்பான், கல்லைப் பார்ப்பான். "இது என் பொட்டலத்தோட குழிக்கல்லு. இப்ப சிரிடா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை ஒரு மாதம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவன் முகம் விழ வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்தப் பத்தொன்பதாம் தேதி பகல் இரண்டேகால் மணி. லுவிலாவிலிருந்து சரக்கு வண்டி வில்லையோடு புறப்பட்டுவிட்டது என்று மணி அடித்துச் சொன்னார்கள். ஏற்றுக்கொண்டு பதிவேட்டில் எழுதினேன். என் பதிவேட்டில் ஒரு பிழையும் கிடையாது, விசாரணையிலும் அதைப் பாராட்டினார்கள். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் மசோயாவைக் கறி வாங்கச் சந்தைக்கு அனுப்பியிருந்தேன். பயணிகள் வண்டி வந்தது. சிதாவாலி குனிந்து கையை நீட்டினான். வளையத்தைக் கொடுத்தேன். அவன் பையைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒழுங்கா வில்லை மட்டும்தான் போலிருக்கே. கெழவனாயிட்டியாடா?" என்றான். பையைக் கொக்கியில் மாட்டினான்.

பச்சைக் கொடியும் காட்டினேன். பையைக் கொடுத்துவிட்டுக் கொடியைக் காட்டாமல் நின்றால் விளையாட்டு நம்பும்படி இருக்காது.

அவன் திறந்து பார்த்திருக்க வேண்டும். விதிப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்காமல் வண்டியை எடுத்தது அவன் தவறு, என் தவறு அல்ல என்பது இன்றும் என் கருத்து. சிவப்புக் கொடி என் கக்கத்தில்தான் இருந்தது. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டும்வரை அதைக் காட்ட நேரம் இருந்தது என்பீர்கள். இருந்தது. ஆனால் அவன் எந்த நொடியிலும் பையைத் திறந்து நிறுத்திவிடுவான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான்கு மைலுக்கு ஒன்பது நிமிடம் ஆகும். மேசையில் வறுத்த வேர்க்கடலை இருந்தது. உரித்துத் தின்றுகொண்டே காத்திருந்தேன்.

சத்தம் கேட்டதும் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். பதினோரு பேரை வெளியே இழுத்துப் போட்டேன். அதில் எட்டுப் பேர் பிழைத்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். இது பொய்யில்லை. என்ஜின் சாய்ந்து கிடந்தது, தீ பிடிக்க ஆரம்பித்திருந்தது. சிதாவாலி உள்ளே நசுங்கிக் கிடந்தான். பை கொக்கியிலேயே தொங்கியது, ஒரு விளிம்பு கருகியிருந்தது. சட்டையைக் கழற்றி அதை வளையத்தோடு சுற்றித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டேன். கல்லை மட்டும் எடுத்து வீசியிருந்தால் போதும், தண்டவாளத்து ஓரத்தில் கிடக்கும் கல்லை யார் சந்தேகப்படுவார்கள்? முடியவில்லை. அது என் மகளுடைய கல். மேட்டில் திரும்ப வைக்கவும் கை வரவில்லை. அதனால் பையோடு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

விசாரணை மூன்று நாளில் முடிந்தது. முதல் பெட்டியின் முன்பாதியில் இருந்த கார்டும் செத்துவிட்டார். நான் பை கொடுக்கவில்லை, சிவப்புக் கொடியோடு நின்றேன், டிரைவர் தானாகவே வண்டியை எடுத்துவிட்டார் என்று சொன்னேன். சரக்கு வண்டி டிரைவர் குதித்துப் பிழைத்தவர், அவரிடம் வில்லை இருந்தது. பயணிகளில் ஒருவர்கூடக் கொடியைப் பார்த்திருக்கவில்லை. குற்றம் சிதாவாலி மேல் எழுதப்பட்டது. கல்லில் அவன் பெயர் வெட்டப்படவில்லை.

அவன் மனைவி அப்போது ஏழு மாத கர்ப்பிணி. ரயில்வே குடியிருப்பை விட்டு வெளியேற்றினார்கள். கிணற்றடியில் அவள் குடத்தை உருட்டிவிடுவார்கள், "உன் புருஷன் குடிச்ச ரத்தம் போதாதா, தண்ணி வேற வேணுமா?" என்பார்கள். பெண் குழந்தை பிறந்தது, நியெமோ என்று பெயர் வைத்தாள். கோகோ மொழியில் மகிழ்ச்சி என்று பொருள், வைத்தவளுக்குத் துணிச்சல் அதிகம். அந்தப் பெண்ணைப் பள்ளியில் பக்கத்தில் உட்காரவிடவில்லை. கட்ட வந்தவனும் விஷயம் தெரிந்து திரும்பிப் போனான். தாய் செத்தபோது முரசு அடிக்க ஆளில்லை. கேலிமுறைக்காரன் என்ற முறையில் நான்தான் போனேன். குழிக்குள் படுத்து நாலு வார்த்தை பேசி அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். நினைவு நாளில் அவள் முள்வேலிக்கு வெளியேதான் நிற்பாள். உள்ளிருந்து அவளுக்குக் களி கொண்டுபோய்க் கொடுத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு முப்பதாவது ஆண்டு. பெயர்களைப் படித்து முடித்ததும் நியெமோ வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"நாப்பத்துமூணு பேர் செத்தாங்க. எங்கப்பா பேரையும் வெட்டுங்க. தப்பு செஞ்சவருன்னே வச்சுக்குவோம், செத்தவர்தானே அவரும்?"

கூட்டம் கொதித்துவிட்டது. ஒருவன் துப்பினான். "எங்கம்மா பேருக்குப் பக்கத்துல அந்தக் கொலைகாரன் பேரா? கல்ல ஒடச்சுப் போட்டுட்டுப் போவேன்," என்றான். பாதிரியார் சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. அழவும் இல்லை. அப்போது பழக்கம்போல ஒருத்தி கத்தினாள்: "சுமைதூக்கி, நீ பேசுடா."

நான் எழுந்தேன். வழக்கமான பேச்சைப் பேசினேன். நான்தான் கொன்னேன், கல்லை வச்சுக் குடுத்தேன், அதனால இந்தப் பொண்ண விட்டுட்டு என்னத் திட்டுங்க என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், சூடு தணிந்தது. அவளுக்கு நான் செய்த உதவி அது. நியெமோ மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"மாமா, எங்கம்மா சாவுல எங்க வீட்டுக் கோழியத் தூக்கிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? நான் இன்னும் திருப்பி எடுக்கல."

"எடுத்துக்கடி பிச்சைக்காரி. உங்க ஆளுங்களுக்கு எடுக்கத்தானே தெரியும்?" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

சொன்னதுதான் தாமதம், பத்துப் பதினைந்து பெண்கள் முரசோடு கிளம்பிவிட்டார்கள். கேலிமுறைக்காரன் வீட்டைச் சூறையாடுவது என்றால் அவர்களுக்குத் துக்கமெல்லாம் மறந்துபோகும். கூட்டமும் பின்னால் நடந்தது. நான்கு மைல், பாட்டும் கூத்துமாக. நான் நடுவில் சிரித்துக்கொண்டே நடந்தேன். வேண்டாம் என்றால் கோபப்பட்டதாகிவிடும், கோபப்பட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஒருத்தி என் சட்டியைத் தூக்கினாள், ஒருத்தி கோழியைப் பிடித்தாள். நியெமோ கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து முற்றத்தில் போட்டாள்.

"அது பழைய காகிதம், விடு."

"காகிதத்தையும் திம்போம் மாமா, நாங்க பிச்சைக்காரங்கதானே?"

பூட்டை உலக்கையால் உடைத்தார்கள். என் பழைய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் ஸ்டேஷன் மாஸ்டர்போல வயிற்றைத் தள்ளி நடந்தாள். ஒரே சிரிப்பு. பிறகு வளையத்தோடு அந்தப் பை வந்தது. அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டாள், என்ஜின் ஓட்டுகிறவன்போலக் குனிந்து ஊதினாள். உள்ளே கை விட்டாள். கல்லை வெளியே எடுத்தாள்.

அப்போதும் சிலர் சிரித்தார்கள். கிழவன் நாடகத்துக்குச் சாமான்கூட வைத்திருக்கிறானே என்றார்கள். மசோயா, இப்போது பார்வை மங்கிய கிழவர், பையை வாங்கித் தடவினார். கருகிய விளிம்பை விரலால் இரண்டு முறை தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"இது எரிஞ்ச பை. என்ஜின்ல இருந்த பை. நீ பையே குடுக்கலன்னுதான விசாரணையில சொன்ன?"

"நான்தான் வருஷா வருஷம் சொல்றேனே. நான்தான் குடுத்தேன்," என்று சிரித்தேன்.

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. நியெமோ தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தாள். கல் அவள் கையில் இருந்தது.

"இந்த வருஷம் சிரிக்காம கேக்குறோம், மாமா. இன்னொரு தடவ சொல்லு."

இருபத்தொன்பது ஆண்டுகள் மனப்பாடமாக வந்த பேச்சு அப்போது வரவில்லை. அவர்கள் என்னை அடிக்கவில்லை. ஒருத்திகூட என்னைத் திட்டவில்லை. சுமைதூக்கி என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் என்னால் பதில் பேசியிருக்க முடியும். மூன்று மணி நேரம் நடத்தி உங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள், வழியில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நடத்திய விதத்தில் எனக்கு ஆட்சேபம் இருப்பது அது ஒன்றுக்குத்தான்.

கல்லில் சிதாவாலியின் பெயரை வெட்டப் போகிறார்கள் என்று காவலர் சொன்னார். வெட்டட்டும். குழிக்கல்லை மட்டும் வழக்கு முடிந்ததும் என் மகளின் மேட்டில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே இருபத்திரண்டுதான் இருக்கிறது.

நேற்று நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள். உங்கள் மனைவி அந்த வண்டியில் ஏறுவது தெரிந்துமா என்று கேட்டீர்கள். விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவளுடைய தங்கைக்குப் பிரசவம், தபோராவுக்குப் போக வேண்டியிருந்தது. எந்த நாள் என்று என்னைக் கேட்டாள், பத்தொன்பது என்றேன். அவள் கடைசிப் பெட்டியில் ஏறினாள், அங்கே தெரிந்த பெண்கள் இருந்தார்கள். நான்தான் போய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, என்ஜினை ஒட்டிய முதல் பெட்டியில் வைத்தேன். புகை அடிக்கும், கரி விழும், நான் பின்னாலேயே இருக்கிறேனே என்றாள். "இங்கேயே உக்காரு. இங்க இருந்தாத்தான் சிதாவாலி பேசுறது கேக்கும். வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே போகலாம்," என்றேன்.

அதற்கும் அவள் சிரித்தாள். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்.